வளையம் காட்டிக்கொடுக்கவில்லை

மார்ச் 4

ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு விட்டுவைத்திருக்கும் வேலை, பழைய படங்களைச் சரிபார்ப்பது. இன்று பதினோரு ஆண்டுக்கு முந்தைய கோப்பு. ஒரு நட்சத்திரம், அதைச் சுற்றித் தூசி வளையம், வளையத்துக்குள் அதைப் போலவே வட்டமாக ஓர் இடைவெளி. அங்கே ஒரு கோள் ஒளிந்திருக்கிறது என்று எங்கள் குழுவில் ஒரு பெண் சொன்னாள். சரிபார்த்தவன் நான். இல்லை என்றேன்.

வானம் சுழலும் அளவுக்கு ஒவ்வொரு படத்தையும் திருப்பிய பிறகே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். நான் எதிர்ப்பக்கம் திருப்பியிருக்கிறேன். கோளின் ஒளி கரைந்துபோயிருக்கும். வளையமோ வட்டம், எப்படித் திருப்பினாலும் வளையம்தான். அது என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சரியாகத் திருப்பி அடுக்கினேன். இடைவெளியில் ஒரு புள்ளி.

மார்ச் 5

மூன்று முறை பார்த்தாகிவிட்டது. புள்ளி இருக்கிறது.

மார்ச் 7

சாப்பாட்டின்போது மனைவி கேட்டாள்: "தட்டை இப்படிச் சுத்திக்கிட்டே இருந்தா அதுல இருக்கிறது தானா குறைஞ்சிடுமா?" சிரிக்க முடியவில்லை.

பிழையைவிட மோசமான ஒன்று உண்டு. கோள் இல்லை என்று நான் சொன்ன அன்றைய கூட்டத்தில் அந்தப் பெண் கேட்டாள்: "சார், எந்தப் பக்கமா திருப்பினீங்க?" நான் — கூட்டத்தில் வாயே திறக்காதவன் — "நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே திருப்ப ஆரம்பிச்சவன்மா நான்" என்றேன். அறையே சிரித்தது. என் பேச்சுக்கு யாரும் அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சுகத்தில் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆறே மாதத்தில் அவள் வேலையை விட்டாள். ச்சே, என்ன மனுஷன் நான்?

மார்ச் 11

அவள் இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். போனேன். போயும், சொல்ல வந்ததைச் சொல்லாமல் பரிசோதனைக்கு உட்கார்ந்துவிட்டேன்! "இது தெளிவா, இதுவா சார்?" என்று வில்லைகளை மாற்றிக்கொண்டே இருந்தாள். நான்காவது வில்லையில் சொன்னேன்: அவள் சொன்ன கோள் இருக்கிறது, தப்பாகத் திருப்பியது நான்.

அவள் கை நின்றது.

"எங்கிட்ட மட்டும் சொல்றீங்க. அன்னிக்குச் சிரிச்சவங்ககிட்ட?"

தாங்கியில் வைத்திருந்த தாடையை எடுத்து அவளைப் பார்த்தேன்.

"தாடையை எடுக்காதீங்க. இன்னொரு கண்ணு பாக்கணும்."

மார்ச் 12

ஆய்வுக்கூட இயக்குநரிடம், அடுத்த கூட்டத்தில் பேசப் பத்து நிமிடம் கேட்டேன். எதற்கு என்றார். "சின்னத் திருத்தம்" என்றேன். சின்ன! அங்கேயும் ஒளிந்துகொண்டேன்.

மார்ச் 20

அதே அறை. பாதிப்பேர் அன்று இருந்தவர்கள். அவளையும் அழைத்திருந்தேன், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். எழுதிக்கொண்டு போனதைப் படித்தேன். முடித்ததும் அவள் கையைத் தூக்கினாள்.

"சார், எந்தப் பக்கமா திருப்பினீங்க?"

"தப்பான பக்கமாத்தான்மா."

யாரும் சிரிக்கவில்லை. அவள் எழுந்து முன்னால் வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, கணினியில் அந்தக் கோப்பின் முதல் படத்தைத் திறந்தாள். நான் தள்ளி நின்றுகொண்டேன்.