தனகோடி சொன்னதும் படிவத்தில் ஏறியதும்

பிளாக் 19, நெய்வேலி
11-3-1984

அன்பு மகள் சந்திராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகந்தான், மனசுக்குத்தான் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ அனுப்பிய அந்தக் கட்டு. டெல்லிக் குளிர் விட்டதா, உன் இருமல் நின்றதா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் மீதிக் கடிதம் திட்டாகத்தான் இருக்கும்.

நாற்பது படிவம், ஒவ்வொன்றிலும் அறுபத்திரண்டு கேள்வி. மைன்ஸுக்கு நிலம் கொடுத்துவிட்டுப் புதுக் காலனிக்கு வந்தவர்களிடம் கேட்டு நிரப்பி மாசக் கடைசிக்குள் அனுப்பம்மா, உனக்குத்தான் யாரிடமும் பேச வருமே என்று எழுதியிருந்தாய். எம்.ஃபில். படிப்பது நீயா நானா என்று அப்பா அன்றைக்கே கேட்டார், நான்தான் பிள்ளை தவிக்கிறாளே என்று கையில் எடுத்துக்கொண்டு போனேன். பதினாலாம் கேள்வியைப் பார், 'இடப்பெயர்வுக்கு முன்னர் தாங்கள் மனநிறைவுடன் வாழ்ந்தீர்களா, ஆம் அல்லது இல்லை.' இப்படி யாராவது யாரிடமாவது பேசுவார்களா? இருபத்தேழாவது, குடும்பத்தில் முடிவெடுப்பவர் யார் என்பது. முதல் வீட்டில் புருஷன்காரர் பீடியோடு பக்கத்திலேயே உட்கார்ந்து, நான்தாங்க, வேற யாரு என்றார், உள்ளே அந்தப் பெண் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். நான் எதை எழுத?

மூன்றாவது வீடு தனகோடி என்கிற பெண்ணுடையது, உன்னைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். அவள் வீட்டுக்காரர் கலியமூர்த்தி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். அவள் கைவேலையை அப்படியே விட்டுவிட்டுப் பாய் போட்டு உட்காரவைத்து ஒவ்வொரு கேள்விக்கும் யோசித்துப் பதில் சொன்னாள். நாற்பதாம் கேள்வி, குடியேறிய பின் குடும்பத்தில் நேர்ந்த இறப்புகள். வந்த வருஷமே கைப்பிள்ளை போய்விட்டதாம். காய்ச்சல் வந்தது, பழைய ஊராக இருந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியும், இங்கே பக்கத்து வீட்டுக்காரர் பேர்கூடத் தெரியாது, விடிந்ததும் தூக்கிக்கொண்டு ஓடினோம் என்று அரைமணி நேரம் சொன்னாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இத்த எழுதிக் குடுத்தா எங்க வூட்டுக்காருக்கு எப்பம்மா பர்மனென்ட் ஆவும் என்று கேட்டாளே பார்க்கலாம். அப்போதே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் பார்ப்போம்மா என்று எழுந்து வந்தேன், அது என் தப்பு, உன் தலையில் போடவில்லை.

மறுநாள் காலையில் நம் குவார்ட்டர்ஸ் வாசலில் பதினோரு பெண்கள். முந்திரிக்கொட்டை பொறுக்கும் காலம், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பர்மனென்ட்டுக்குப் பாரம் எழுதுறாங்களாமே, எங்களுக்கும் எழுதுங்க என்று வந்து நிற்கிறார்கள், முன்னால் தனகோடி. நான் வாசல்படியில் நின்றபடி, இது கம்பெனி பாரம் இல்லை, கவர்மெண்டும் இல்லை, என் மகள் படிப்புக்கு, இதனால் யாருக்கும் வேலை வராது என்று சொன்னேன். என்னென்ன சொல்லித் திட்டினார்கள் என்று எழுத வேண்டாம். ஏழு பேர் போய்விட்டார்கள். தனகோடி திட்டவில்லை. அப்ப எதுக்கும்மா எங்க புள்ள செத்ததெல்லாம் கேட்டீங்க என்றாள். பிறகு, நான் சொன்னத என்னான்னு எழுதிகினீங்க, படிங்க என்றாள். எடுத்துப் படித்தேன். நாற்பது, இறப்புகள், ஒன்று. அவ்வளவுதான் இருந்தது சந்திரா, நீ விட்டிருந்த கட்டத்தில் அதற்கு மேல் இடமில்லை. அவ்ளோதானா என்று கேட்டாள்.

எனக்கு உன்மேல் வந்த கோபத்துக்கு அந்தக் கட்டையே அடுப்பில் வைத்திருப்பேன். வைக்காமல் அவள் படிவத்தைத் திருப்பி, பின்பக்கம் வெள்ளையாக இருந்ததில், முந்தின நாள் அவள் சொன்னதை அவள் பேச்சிலேயே ஞாபகம் இருந்தவரை எழுதி வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் நிறுத்தித் திருத்தினாள். காய்ச்சல் வந்தது வெள்ளிக்கிழமை இல்லை வியாழக்கிழமை என்றாள். பிறகு தாளக் குடுங்க என்று வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். உங்க பொண்ண வரச்சொல்லுங்க, மூஞ்சப் பாத்துகினு சொல்றேன், இல்லன்னா இது எங்கிட்டயே இருக்கட்டும் என்று போய்விட்டாள். அது அவள் தாள், நான் எப்படித் தடுப்பேன்.

உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்ட வேண்டிய சாரைப் பற்றி என்ன சொல்ல. சைக்ளோஸ்டைல் செய்த ஒரு மாதிரிப் படிவத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு வருஷம் வெளிநாடு போய்விட்டார், எப்படிக் கேட்பது எப்படிக் குறிப்பெடுப்பது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை என்று நீயே அழுது எழுதினாய். அப்பா சொல்கிறார், எங்கள் மைன்ஸ் கன்வேயர் பெல்ட்டில் புதிதாக வருகிறவனை ஒரு வருஷம் அனுபவப்பட்டவர் கூடவே நிறுத்தாமல் சுவிட்சைத் தொட விடமாட்டோம், இவர்கள் துக்கப்பட்ட ஜனங்களிடம் போ என்று சும்மா அனுப்பிவிடுகிறார்களே, பெல்ட்டைவிட மனுஷன் மட்டமா என்று. அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் உன்னையும் விடமாட்டேன். பக்கத்துத் துறையில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு இரண்டு வாரம் இதையே பயிற்சியாகக் கொடுத்தார்கள், எங்களைக் கூப்பிடவில்லை என்றாயே, கூப்பிடாவிட்டால் என்ன, கதவைத் தட்டிக் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன் என்று கேட்க வாயில்லையா? எனக்குக் கட்டு அனுப்ப மட்டும் வாய் இருந்ததா? மறுபடி எப்போது நடக்கிறது என்று விசாரி. துறைத் தலைவரிடம் போய் நில், தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் உன்னைப் போலத் தவிக்கிற இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் எங்களுக்கும் வேண்டும் என்று எழுதிக் கொடு. மாட்டேன் என்றால் மாட்டேன் என்பதை எழுத்தில் தரச்சொல்.

நிரப்பிய இரண்டு படிவத்தையும் நான் அனுப்பப் போவதில்லை, மீதியும் பீரோ மேலேதான் இருக்கிறது. மாசக் கடைசி என்பதெல்லாம் நடக்காது, தவணை நீட்டிக்க விண்ணப்பம் போடு, ஒரு வருஷம் போனாலும் போகட்டும். அப்பா கோபத்திலும் உனக்கு மணியார்டர் அனுப்பியிருக்கிறார், டிக்கெட் எடுத்துக்கொண்டு வா. நேற்று மார்க்கெட்டில் தனகோடியைப் பார்த்தேன், முகத்தைத் திருப்பவில்லை, எப்ப வருது உங்க பொண்ணு என்று மட்டும் கேட்டாள். சித்திரைக்குள் என்று சொல்லிவிட்டேன், என்னைப் பொய் சொன்னவளாக இன்னொரு தடவை ஆக்காதே.

வெறும் வயிற்றில் டீ குடிக்காதே, ரயிலில் ஜன்னல் ஓரம் தூங்காதே. எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, எவ்வளவு கோபமானாலும் அதில் குறையாது. மறக்காமல் ஒன்று செய். படிவத்தைப் புதிதாக எழுது, அதில் முதல் வரியாக, இதற்குப் பதில் சொல்வதால் உங்களுக்கு வேலையோ வேறெதுவோ கிடைக்காது என்று எல்லாருக்கும் புரிகிற தமிழில் போடு. அதை உன் வாயாலேயே படித்துக் காட்டு. கேட்ட பிறகும் யார் உட்காரச் சொல்கிறார்களோ அவர்கள் வீட்டில் மட்டும் உட்கார்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா,
ச. காந்திமதி