மூணு ஜெயிச்சா போதும்னு நம்பினேன்

டொரண்டோ, 18.10.85

அன்புள்ள பரிபூரணத்துக்கு,

கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேன். மாமாவுக்கு முட்டிவலி தேவலையா?

பயப்படாத, எனக்கு ஒண்ணுமில்ல. வெறுத்துப்போய் எழுதுதேன். இங்க பேஸ்பால்னு கம்பால பந்தடிக்கிற ஆட்டம். லீக் பைனல் பதினாறு வருசமா அஞ்சு ஆட்டம்தான், மூணு ஜெயிச்சா போதும். எங்க டீம் ஒண்ணு தோத்து மூணு ஜெயிச்ச மறுநாள், நீ ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸேறிப் போய் வாங்கி, தளவாய்புரம் வைகுண்டராஜ் அண்ணன்கிட்ட குடுத்துவிட்ட பால்கோவா அம்புட்டையும் மில்லுல எல்லாருக்கும் குடுத்தேன்.

அத்தனை பயலும் விரலை நக்கி முடிச்ச பொறவு போர்மேன் சொல்லுதான்: "இந்த வருசத்துல இருந்து ஏழு ஆட்டம். நாலு ஜெயிக்கணும்."

திங்கதுக்கு முன்னாடி சொல்ல வாய் இல்லையா? பொறவு மிச்சமிருந்த மூணும் வரிசையா தோத்தானுக. இப்போ என் இனிப்புதான் தரித்திரமாம். த்தூ, மானங்கெட்ட பயலுக!

அண்ணன் மறுபடி வரும்போது கால் கிலோ குடுத்துவிடு. ஒரு ஆளுக்குத்தானே, போதும்.

பஸ் வந்துட்டு, முடிக்கேன். பால்கோவா எப்படி இருந்துச்சுன்னு கேட்டிருந்தியே, எனக்குத் தெரியாது பரிபூரணம். எல்லாருக்கும் குடுத்துட்டுப் பார்த்தா டப்பா காலி.

ஞானதுரை