நாலு நிமிடத்தில் திறந்த கதவு

அன்பு மகளுக்கு,

நானும் உன் அப்பாவும் இங்கே நலம். நீயும் அங்கே நலமாகத்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், இவ்வளவு தூரத்திலிருந்து நினைத்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி என்ன இருக்கிறது. போன வாரம் நீ அனுப்பிய படத்தில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. அது கேமரா கோணம்மா என்பாய். அந்தக் கோணத்துக்குக் கொஞ்சம் வேளாவேளைக்குச் சோறு போடு. அப்பா சௌக்கியத்துக்குக் குறைவில்லை. சமையலறைக் குழாய் சொட்டுகிறது, ஆளைக் கூப்பிடலாம் என்று நான் சொல்லப்போக, இதுக்கெல்லாம் ஆளா என்று அவரே கழற்றிப் போட்டார். முன்பு சொட்டிக்கொண்டிருந்தது, இப்போது ஒழுகுகிறது. கேட்டால், வேலை பாதியில இருக்கும்போது பேசாதே என்கிறார். இரண்டு மாதமாகப் பாதியில்தான் இருக்கிறது.

நான் அந்தக் குடும்ப மருத்துவ அறக்கட்டளையில் சேர்ந்தபோது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா. முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல உட்கார்ந்து ஊரார் பேச்சைக் கேட்டது போதாதாம்மா, இப்ப இனாமா வேற கேக்கணுமா என்றாய். அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன், கேள். டயர் கடைக்கு மேலே மாடியில் இரண்டே அறை. முன்னறையில் ஒரு பெஞ்சு, எடை பார்க்கும் மெஷின், என் மேஜை, இரண்டு போன். உள்ளறையில் ஒரு நர்ஸும் பெரிய டாக்டரும். பெரிய என்றால் வயதில்தான், மேல் தட்டில் இருக்கும் மருந்தை எடுக்க அந்த அம்மாவுக்கு ஸ்டூல் வேண்டும். அவரும் இன்னும் இரண்டு குடும்ப டாக்டர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். தனியாக இருக்கிறவர்கள், படியிறங்க முடியாதவர்கள், இவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள், யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. ஆளுக்கு ஒரு கார்டு என்று இல்லாமல் வீட்டுக்கு ஒரு கார்டு. அதில் நோய் மட்டும் இருக்காது, யாருக்கு யாரோடு ஆகாது என்பதுகூட இருக்கும். காலையில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நான் வரிசையாகப் போன் போடுவேன், மாத்திரை போட்டாச்சா, தலை சுத்துதா, தூங்கினீங்களா என்று. அரட்டைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டாக்டர் எனக்குக் கொடுத்த வேலையே அரட்டைதான்.

என் பட்டியலில் பூட்டுக்காரர் என்று ஒருவர். பூட்டு செய்வதும் ரிப்பேர் பண்ணுவதும் தொழில், மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார், ரத்தக் கொதிப்பு. மாத்திரை போட்டாச்சா என்று கேட்டால் தினமும் ஒரே பதில், போட்டுப் பூட்டியாச்சு என்பார், சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மணி பத்தரை இருக்கும், அதே கேள்வியைக் கேட்டேன், அதே பதில் வந்தது, ஆனால் சொல் வழுக்கியது. பூட்டி என்ற இடத்தில் நாக்கு எங்கேயோ போய்விட்டு வந்தது. வாயில எதையாவது மெல்லுறீங்களா என்று கேட்டேன். இல்லம்மா, இந்தப் போன்தான் கையில நிக்க மாட்டேங்குது, மூணு தடவை விழுந்துடுச்சு என்றார், அதுவும் பாதிதான் புரிந்தது. எந்தக் கை என்றேன். வலது என்றார். ஆயிரக்கணக்கான குரலைக் கேட்டவள் நான், லைன் கோளாறு எது, ஆள் கோளாறு எது என்று எனக்குத் தெரியும். மேஜையில் படபடவென்று தட்டினேன், டாக்டர் ஓடி வந்து என் முகத்தைப் பார்த்தார், ரிசீவரைக் காதில் வைத்து ஐந்து நொடிதான் கேட்டிருப்பார், பக்கவாதம், பேசிக்கிட்டே இருங்க, வைக்காதீங்க என்று சொல்லிவிட்டு அடுத்த போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

கதவைத் திறக்கிறேன் என்று அந்த மனுஷர் எழுந்திருக்கிறார். எழுந்திருக்காதீங்க என்று நான் கத்துவதற்குள் தடால் என்று ஒரு சத்தம். போன் தரையில் கிடந்தது, மூச்சு மட்டும் கேட்டது. என்ன பேசுவது. வாய்க்கு வந்ததைப் பேசினேன். உன் அப்பாவின் குழாய்க் கதையை ஆதியோடு அந்தமாகச் சொன்னேன், பாத்திரக் கடையில் வாங்கிய பக்கெட் வரைக்கும். நடுவில் ம் என்று ஒரு சத்தம் வந்தது பார், என் உயிர் திரும்பி வந்தது.

அந்த வீடு எங்கள் மாடிக்குப் பின்தெருவில்தான் இருக்கிறது, டாக்டரும் நர்ஸும் முதலில் ஓடினார்கள், பின்னாலேயே ஆம்புலன்ஸும் போய்விட்டது. உள்ளேதான் போக முடியவில்லை. இரும்புக் கதவு, ஜன்னலுக்கெல்லாம் கம்பி, கதவில் மூன்று பூட்டு, மூன்றும் அவரே செய்தது. அறுக்கத்தான் வேண்டும், ஆள் வரவே அரை மணியாகும் என்றார்களாம். டாக்டர் எனக்குப் போன் பண்ணி, யாரையாவது அனுப்பி எதிர்க்கடைக்காரரைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க என்றார். யார் இந்த எதிர்க்கடைக்காரர் என்றால், அவரும் பூட்டுக்காரர்தான், கடைத்தெருவில் நம் பூட்டுக்காரர் கடைக்கு நேர் எதிரில் அவர் கடை. இரண்டு பேரும் ஒரே கடையாக நடத்தியவர்கள், பலகையில் யார் பெயர் முதலில் என்று ஆரம்பித்த சண்டை, பதினொரு வருஷமாகப் பேச்சில்லை. இரண்டு வீடும் டாக்டர் கையில்தான். முகத்தோடு முகம் பார்த்துவிடக் கூடாதே என்று ஒருவருக்குத் திங்கள், இன்னொருவருக்கு வியாழன் என்று கிழமை பிரித்து வைத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து உன் அப்பா, நான் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க மாடியேறி வந்தார், ஒரு மறதிக்கு ஒரு மணி நேரம் உபதேசம் பண்ணும் முகத்தோடு. காதில் ஒரு போனும் கையில் ஒரு போனுமாக, ஓடுங்க என்று கத்தி, யாரை எங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று இரண்டே வரியில் சொன்னேன். மகளே, ஓடினார். பஸ் போனால் போகட்டும், அடுத்தது வரும் என்று நிற்கிற உன் அப்பா ஓடினார்.

அவர் சொல்லித்தான் மிச்சம் எனக்குத் தெரியும். உங்க பழைய கூட்டாளி உள்ள விழுந்து கிடக்கார், கதவு பூட்டியிருக்கு என்று இவர் மூச்சிரைக்கச் சொன்னதும், எதிர்க்கடைக்காரர் ஏன் எதுக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். பையை எடுத்துக்கொண்டு தன் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வந்தாராம். பூட்டுக்காரன் கடையைப் பூட்டாம வந்தான்னா பார்த்துக்கோ என்று இதை மட்டும் அப்பா நாலு தடவை சொன்னார். முட்டி போட்டு உட்கார்ந்து முதல் இரண்டையும் திறந்துவிட்டார். மூன்றாவதில் கை நின்றுவிட்டதாம். அப்புறம், பாவி, இதையா போட்டிருக்கே என்றாராம். அது கூட்டுக் கடையாக இருந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து செய்த பூட்டு. கதவு திறந்தது எனக்குப் போனில் கேட்டது. மொத்தம் நாலு நிமிஷம், அப்பா கைக்கடிகாரத்தில் பார்த்திருக்கிறார்.

நேரத்தோடு வந்ததால்தான் பிழைத்தார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தேன், முடியவில்லை. அப்பாதான் கீழே உட்கார்ந்து கழற்றிவிட்டார். இதை ஏன் அப்போதே போனில் சொல்லவில்லை என்று கோபப்படாதே. சொன்னால் அழுதிருப்பேன், நீ அடுத்த விமானத்தைத் தேடியிருப்பாய்.

பூட்டுக்காரருக்குப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. தெளிவாக வந்த முதல் வாக்கியம் என்ன தெரியுமா, நாலு நிமிஷமா, பொய், என் பூட்டு அரை மணி தாங்கும் என்பதுதான். எதிர்க்கடைக்காரர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, மூணரைதான், நான்தான் மரியாதைக்கு நாலுன்னு சொல்லச் சொன்னேன் என்றாராம். இப்போது தினமும் காலையில் அவர் வந்து ஒரு பூட்டை இவருடைய வலது கையில் கொடுத்துச் சாவியைத் திருப்பச் சொல்கிறார். கைக்கு நல்ல பயிற்சி என்று டாக்டரும் சொல்லிவிட்டார். திருப்ப முடியாத நாளில் திட்டு கேட்கிறது, முடிந்த நாளில் அதைவிடப் பெரிய திட்டு. வாரம் ஒரு தடவை டாக்டர் அங்கே போய் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கொதிப்பு பார்த்துவிடுகிறார், கிழமை பிரிக்கிற தொல்லை ஒழிந்தது. கதவில் மூன்று பூட்டும் அப்படியேதான் இருக்கின்றன, ஆனால் எதிர்க்கடையில் ஆணியில் ஒரு சாவிக்கொத்து தொங்குகிறது.

இந்தக் கலவரத்துக்குப் பிறகு அறக்கட்டளையில் எல்லாக் கார்டிலும் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள், கூப்பிட்ட உடனே நடந்து வரக்கூடியவர் யார் என்று. இருநூற்றுப் பதினாலு வீட்டுக்கும் போன் போட்டு நான்தான் எழுதுகிறேன். சிலர் யோசிக்காமல் சொல்கிறார்கள். சிலர் நாளைக்குச் சொல்கிறேன் என்கிறார்கள், நான் அவசரப்படுத்துவதில்லை. நம் வீட்டுக் கார்டையும் எழுதினேன். உன் பெயரைத்தான் முதலில் எழுதினேன், எழுதிவிட்டு அடித்தேன். கூப்பிட்ட உடனே நடந்து வர உன்னால் ஆகாது, அது உன் குற்றம் இல்லை. மாடிவீட்டு டீச்சர் பெயரைப் போட்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நல்லது எல்லாம் உன்னைத் தேடி வரட்டும், பல்லாண்டு நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே. உனக்குப் பக்கத்துக் கதவில் யார் இருக்கிறார்கள், பெயர், போன் நம்பர், இரண்டையும் எழுதி அனுப்பு. தெரியாதும்மா என்று சொல்லாதே, இரண்டு வருஷமாக அங்கே இருக்கிறாய். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டு. என்ன சொல்வது என்று கூச்சமாக இருந்தால், எங்க அம்மா கேக்கச் சொன்னாங்க என்று சொல்.

அன்புடன்,
இன்னும் ஊரார் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும்
உன் அம்மா