பவித்ராவின் பெயருக்கு நேரே எழுதிய சொல்

இனியும் வாயை மூடிக்கொண்டிருப்பதாக இல்லை, அக்கா. ஏழு வருடம் போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன் வந்திருந்தான். ஆனைக்கரையில் உங்கள் இறுதிக் காரியங்களை முடித்துவிட்டு நேராக இங்கே வடகரப்பதிக்கு வந்தானாம். ஒரு பிஸ்கட் டின்னை மேசைமேல் வைத்து, இதை என்னிடம் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருந்ததாகச் சொன்னான். டீ கூடக் குடிக்கவில்லை. அவன் போன பிறகு மூடியை நெம்பித் திறந்தேன். டிங்சரும் காய்ந்த பிளாஸ்திரியும் கலந்த அந்த வாசனை அப்படியே முகத்தில் வந்து அடித்தது. உள்ளே கத்தரிக்கோல், தெர்மாமீட்டர், பஞ்சுச் சுருள். அடியில் நாலாக மடித்த ஒரு தாள்.

அந்தத் தாளைத்தான் அன்று வாசகசாலைக் கமிட்டி விசாரணையில் கேட்டது. காணவில்லை என்று சொல்லிவிட்டீர்கள். உங்கள் தப்பை மறைக்கிறீர்கள் என்று நான் நம்பினேன். ஏழு வருடமும் அப்படியே நம்பினேன்.

வாசகசாலை நடத்திய கோடைப் பகல் முகாம் அது. காலை ஒன்பதரைக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வரும், மாலை நாலு மணிக்கு வீடு திரும்பும். எஸ்டேட் மருந்தகத்தில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்று, மகனின் வேலைக்காக இந்த ஊருக்குக் குடிவந்திருந்தீர்கள். நான் டுடோரியல் காலேஜில் விடுமுறைச் சம்பளம் இல்லாத வாத்தியார். வாசகசாலைச் செயலாளர் நம் இருவரையும் கடைசி அறையில் உட்காரவைத்து, கதவில் 'வைத்தியம்' என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனார். ஃபோட்டோ எடுக்கும்போது மட்டும் வந்தார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

உங்களுக்கென்று சில சட்டங்கள் இருந்தன. காலையில் தாய்மார்கள் கொடுத்துவிடும் மருந்தெல்லாம் பெயர் ஒட்டி டின்னுக்குள் போக வேண்டும். எந்தப் பிள்ளைக்கு என்ன நோய், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதெல்லாம் ஒரே பட்டியலில் இருக்க வேண்டும். மருந்து கொடுத்தவர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாள் வயிற்றுப்போக்கு என்று வந்த பிள்ளைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துவிட்டு நான் எழுதாமல் விட்டுவிட்டேன். வாசலில் பிள்ளைகள் நிற்கும்போதே கேட்டீர்கள்:

"இது யாரு குடுத்தது சார்? பேயா?"

"நான்தான் அக்கா."

"அப்ப எழுதுங்க. எழுதாட்டி பேயி குடுத்ததுன்னுதான் அர்த்தம்."

அன்று மாலைக்குள் முகாம் முழுவதும் எனக்குப் 'பேய் சார்' என்று பெயராகிவிட்டது. நீங்கள் சிரித்தீர்கள். எம்.ஏ. படித்தவனுக்கு அந்தப் பெயர் எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் யோசிக்கவில்லை.

எல்லை ஊர் அல்லவா, பிள்ளைகளைச் சேர்க்கும் விண்ணப்பப் பாரங்கள் மலையாளத்தில் இருந்தன. பிள்ளைகளோ பாதிக்கு மேல் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். தாய்மார்கள் சொல்லச்சொல்ல, செயலாளர் மலையாளத்தில் எழுதி நிரப்பியிருந்தார். உங்களுக்கு மலையாளம் பேச்சில் தண்ணீர்பட்ட பாடு, எழுத்து மட்டும் கண்ணில் நிற்காது. அதனால் நான் வாசித்தேன், நீங்கள் தமிழில் பட்டியல் எழுதினீர்கள். வெளியே பிள்ளைகள் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தன. தலைக்கு மேலே மின்விசிறி கடகடத்தது.

பவித்ராவின் பாரத்தில் மலையாளத்தில் 'வலிவு' என்று இருந்தது. மூச்சிரைப்புக்கு அவர்கள் சொல்லும் சொல். அவள் அம்மா வீசிங் என்றுதான் சொன்னாராம். வீசிங் என்றே எழுதித் தொலைத்திருக்கலாம் அந்த மனிதர். நான் என்ன வாசித்தேன்? 'வலிவு' என்று பாரத்தில் இருந்தபடியே வாசித்தேனா, அல்லது கெட்டிக்காரத்தனமாகத் தமிழாக்கி 'வலிப்பு' என்றேனா? எத்தனையோ தடவை அந்த அறைக்குள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். என் வாய் அசைவது தெரிகிறது. குரல்தான் கேட்க மாட்டேன் என்கிறது.

பத்தாம் நாள் ஒரு பிள்ளை ஊஞ்சலிலிருந்து விழுந்து நெற்றி பிளந்தது. நீங்கள் அதை ஆட்டோவில் தையல் போடக் கூட்டிப்போனீர்கள். "பட்டியல் இருக்கு சார், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்த நேரத்தில்தான் வைக்கோல் பொம்மை வகுப்பிலிருந்து பவித்ராவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எட்டு வயது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண் மட்டும் பெரிதாக என்னையே பார்த்தது. பட்டியலில் விரலை ஓட்டினேன். பவித்ரா, வலிப்பு.

வலிப்புக்கு என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். ஒருக்களித்துப் படுக்கவை, வாயில் எதையும் வைக்காதே, நேரம் பார். எல்லாம் செய்தேன். நீங்கள் செய்யாதே என்று சொன்ன ஒன்றையும் செய்தேன்: பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தேன். சாவி பூட்டைத் திறக்கத்தானே சார், பிள்ளையைத் திறக்கவா என்று ஒருமுறை நீங்கள் கிண்டல் செய்தது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். தோளைப் பிடித்துப் படுக்கவைத்தேன். திரும்பவும் எழுந்தாள். திரும்பவும் அமுக்கினேன். சாவியைக் கீழே போட்டுவிட்டு டின்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். கை இழுக்கிறது என்று நினைத்து அந்தக் கையையும் பிடித்துக்கொண்டேன்.

நீங்கள் வந்தீர்கள். கத்தவில்லை.

"சார், கைய எடுங்க. தூக்கி உக்கார வைங்க."

டின்னிலிருந்து அவள் பெயர் ஒட்டிய ஸ்பிரேயை எடுத்து, குழலில் மாட்டி, வாயில் வைத்து, ஒவ்வொரு மூச்சாக எண்ணினீர்கள். வந்த ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிழைத்துக்கொண்டாள். சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அம்மா என் முன்னால் வந்து நின்றார். அழவில்லை.

"ஏனுங்க சார், மூச்சுக்குத் தவிக்கற புள்ளையப் போய் அமுக்கிப் புடிச்சீங்களாமா?"

அதற்கு நான் கமிட்டியில்தான் பதில் சொன்னேன்: சிஸ்டர் எழுதிய பட்டியலைப் பார்த்துத்தான் செய்தேன். சொல்லும்போது அக்கா என்ற சொல் வாயில் வரவில்லை, சிஸ்டர் என்றுதான் வந்தது. நீங்கள் ஒரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். பட்டியல் காணவில்லை, எழுதியது நான்தான் என்றீர்கள். அடுத்த மாதமே ஆனைக்கரைக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

இப்போது அந்தத் தாள் என் முன்னால் விரிந்து கிடக்கிறது. 'வலிப்பு' என்பது உங்கள் கையெழுத்துதான். அதை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் 'வலிவு, இளைப்பு' என்று எழுதி, உங்கள் சட்டப்படி கையெழுத்தும் நேரமும் போட்டிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைய தேதி, மாலை ஆறு மணி. கீழே, தாளின் ஓரத்தில், உங்கள் எழுத்திலேயே இன்னொரு வரி: பாரத்தோடு ஒத்துப் பார்த்தேன். அதற்கடியில் என் கையெழுத்து.

எப்போது போட்டேன்? பட்டியல் எழுதி முடித்த அன்று ஏதோ காகிதத்தை நீட்டினீர்கள். டீ வாங்கியதற்கான கையெழுத்து என்று நினைத்துப் போட்டிருப்பேன். ஒரு வரி கூடப் படித்திருக்க மாட்டேன்.

இதைக் காட்டியிருந்தால் தப்பில் பாதி என் தலையில் விழுந்திருக்கும். ஏன் காட்டவில்லை? என்மேல் இரக்கமா? அப்படியென்றால் ஏன் எரிக்காமல் வைத்திருந்தீர்கள், ஏன் எனக்கே அனுப்பினீர்கள்? என்றாவது நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றா, நிம்மதியாகச் சாகக் கூடாது என்றா? ஒரு போன் செய்து 'சார், அதுல உங்க கையெழுத்தும் கிடக்கு' என்று நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே. உங்கள்மேல் இருந்த கோபத்தை வைத்துத்தான் இத்தனை வருடம் ஓட்டினேன். அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். அந்தக் கோபமும் முழுதாகப் போகவில்லை, அதுதான் புரியவில்லை.

பவித்ரா இப்போது பத்தாம் வகுப்பு. சைக்கிளில் போகும்போது "சார்" என்று தலையசைக்கிறாள். அவளுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. எனக்கு உள்ளங்கையில் இருக்கிறது. அந்தச் சின்னத் தோள் கீழிருந்து மேலே நெட்டித் தள்ளுவது. சுவரில் கை ஊன்றினாலும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்தாலும், அது அங்கேயே நின்று தள்ளுகிறது.

உங்களுக்காக வாசகசாலை ஒரு நினைவு மலர் போடுகிறதாம். அதே செயலாளர்தான் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். இதையே அனுப்பப் போகிறேன், பட்டியலின் நகலோடு. என் கையெழுத்து இருக்கும் அந்த ஓரத்தை மடக்கி நகல் எடுக்கலாமா என்று கடையில் கொஞ்ச நேரம் நின்றேன். மடக்கவில்லை.

ஆனால் இந்த மடலின் கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன், கை ஓடவில்லை. ஒருமுறை படிக்காமல் போட்ட கையெழுத்தே போதும் என்று தோன்றுகிறது. அல்லது இதுவும் பயம்தானோ, தெரியவில்லை. நாளைக் காலை கையெழுத்தில்லாமலே தபாலில் போட்டுவிடுகிறேன். யார் எழுதியது என்று அவர்கள் கேட்டால், நீங்கள் சொன்னபடியே இருக்கட்டும் அக்கா. பேய் எழுதியது.