அண்ணி உரித்த முட்டை

ஜூன் 12, புதன்

எனக்கு ஈரலில் கொழுப்பாம்.

என் வீட்டுக்காரர் ராஜ்மோகனுக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று போன வருஷமே தெரியும். குடிக்கிற மனுஷர் இல்லை. உடம்பே தன் ஈரலைத் தாக்குகிற வியாதியாம். எங்கள் ஊர் பாகூரில் இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை, மறைத்து மறைத்துக் குடித்திருப்பார் என்று கண்ணாலேயே பேசிக்கொள்கிறார்கள். இனிமேல் மருந்து கேட்காது, சொந்தக்காரர் யாராவது ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டும், கொடுத்தவருக்குத் திரும்ப வளர்ந்துவிடும் என்று சென்னை ஆஸ்பத்திரியில் சொன்னபோது முதலில் எழுந்து நின்றவள் நான். ரத்த வகையும் சேர்ந்தது. இன்று ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "கொழுப்பு ஜாஸ்தியா இருக்கும்மா, இப்படியே எடுக்க முடியாது. ஒரு மாசத்துல கொறச்சிட்டு வாங்க" என்கிறார் டாக்டர்.

அதுகூடப் பரவாயில்லை. அடுத்து அண்ணியின் ஸ்கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்றார்.

அண்ணி என்றால் அவருடைய அக்கா, செல்வகுமாரி. மதகடிப்பட்டில் தையல் கடை வைத்திருக்கிறாள். நேரில் 'நீங்க', இங்கே 'அவள்'தான். இது என் நோட்டு. ஆட்டுக்கால், போண்டா, முட்டை என்று எதையும் விடமாட்டாள், உடம்பு மட்டும் ஊதுவத்திக் குச்சி. அவள் ஈரல் சுத்தமாம், என்னுடையது கொழுத்துக் கிடக்கிறதாம். என்ன நியாயம் இது?

வயதும் உடல்வாகும் பார்த்தால் நான்தான் தோதாம். ஆனால் நான் தேறாவிட்டால் அவள். அதைக் கேட்டதும் அழுகை வந்து வெளியே போய்விட்டேன். நான் என்ன சாப்பிட வேண்டும் என்று டயட் அம்மா சொன்னதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டதும் அவள்தான்.

ஜூன் 13, வியாழன்

அவருக்குள் அவள் துண்டு போய் உட்காரக் கூடாது. அவ்வளவுதான்.

ஜூன் 17, திங்கள்

கடையைப் பூட்டிவிட்டுப் பையோடு வந்து இறங்கிவிட்டாள். கையில் ஒரு அட்டை முட்டை. இங்கேயே தங்கி என்னைக் கவனிக்கப் போகிறாளாம்.

"சோத்த கொறச்சிக்கோ, சக்கர வாணாம், ஜூஸு எதுவும் ஆவாது. காலைல ரெண்டு முட்ட துன்னு, ஒண்ணுல மட்டும் மஞ்சக்கரு எடுத்துடு. ரெண்டு வேளையும் நட. அந்தம்மா சொல்லிச்சிடி" என்றாள்.

கொழுப்பைக் குறைக்க முட்டையா? எங்கள் ஊரில் காமாலை கண்டவனுக்கு முட்டை வாசனையைக்கூடக் காட்டமாட்டார்கள். கஞ்சி, மோர், கரும்புச்சாறு. ஈரலுக்கு அதுதான் பத்தியம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவளுக்குத் தெரியாதா? இல்லை, தெரிந்துதான் கொடுக்கிறாளா?

அம்மா இல்லாத பிள்ளையை நான்தான் வளர்த்தேன், நான்தான் வளர்த்தேன் — கல்யாணம் ஆனதிலிருந்து இதையேதான் கேட்கிறேன். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவருக்கு ஒரு தோசை வைத்தேன். "அவனுக்கு ஓரம் மொறுகலா இருக்கணும்" என்று தட்டிலிருந்து எடுத்துக்கொண்டுபோய்த் திருப்பிப் போட்டுக் கொண்டுவந்தாள். அந்தத் தோசை எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

உரித்துக் கொடுத்த முட்டையை அவள் குளிக்கப் போன நேரத்தில் பின்பக்கம் நாய்க்குப் போட்டுவிட்டேன். தெருவில் சுற்றுகிற செவலை. இரண்டையும் அப்படியே விழுங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தது.

ஜூன் 22, சனி

நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஏரிக்கரை வரை போகிறேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் கரும்புச்சாறு, இரண்டு டம்ளர். வீட்டில் கஞ்சி. பசி தாங்கவில்லை, ஆகவே இன்னும் கொஞ்சம் கஞ்சி. சாயங்காலம் டீயில் நனைத்து ரஸ்க். எண்ணெயை விட்டேன், கறியை விட்டேன், முட்டையைத் தொடவில்லை. இந்த வைராக்கியம் யாருக்கு வரும்?

அருள்மொழி இன்று என்னைக் கரும்புச்சாறு வண்டியில் பார்த்துவிட்டாள். பன்னிரண்டாவது படிக்கிறாள் என் பெண். பதினெட்டு ஆகவில்லை என்பதால் அவளுக்கு ஸ்கேன் எடுக்கவில்லை, நல்லவேளை. ஜூஸ் குடிக்கக் கூடாதென்று அத்தை சொன்னார்களே என்றாள். உங்கள் அத்தை என்ன டாக்டரா என்று கேட்டுவிட்டேன். பிள்ளைக்கு முகம் சுண்டிவிட்டது.

ஜூன் 30, ஞாயிறு

அண்ணி இன்று முட்டைத் தொக்கு செய்து, எண்ணெய் மிதக்க மிதக்கத் தானும் பிள்ளையும் சாப்பிட்டார்கள். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. அப்புறம் அவருக்கு உப்பில்லாமல் முட்டையை மசித்து, சோற்றில் பிசைந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள். நான் ஊட்டினால் இரண்டு வாய்க்கு மேல் கையைத் தள்ளிவிடுகிற மனுஷர், கிண்ணம் காலியாகும்வரை வாயைத் திறந்தார். அக்கா கைப் பக்குவமாம்.

வயிறு பற்றி எரிந்தது. ஊட்டுகிறவள் கூடப் பிறந்தவள், சாப்பிடுகிறவர் சாகக் கிடக்கிறவர், நான் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். நான் மனுஷியா? ஆனாலும் எரிந்தது, அதை என்ன செய்ய?

அவளே கொடுத்து, அவரும் பிழைத்துவிட்டால்? சாகும்வரை அதையேதான் பேசுவார்கள். அக்கா போட்ட பிச்சை, அக்கா கொடுத்த உயிர். நான் யாராம்? சோறு ஆக்கிப்போட வந்தவளா? ராத்திரி அவரிடம் கேட்டே விட்டேன் — நான் கொடுத்தால்தானே உங்களுக்குச் சந்தோஷம் என்று.

"யாரு குடுத்தா இன்னா ராணி, நான் பொழச்சா போதும்" என்றார். உண்மையைத்தான் சொன்னார். அவரோடு இரண்டு மணி நேரம் பேசவில்லை.

ஜூலை 8, திங்கள்

எடை இறங்கியிருக்கிறது! படி ஏறினால் கண் இருட்டுகிறது, பரவாயில்லை. செவலைதான் முட்டை தின்று பளபளவென்று ஆகிவிட்டது.

ஜூலை 19, வெள்ளி

கூடியிருக்கிறது.

குறையவில்லை என்றாலாவது மனசு ஆறும். முதல் ஸ்கேனைவிட இன்று ஈரலில் கொழுப்பு கூடுதல். எடை இறங்கியது சதைதானாம், கொழுப்பு இல்லையாம். டயட் அம்மா என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். கஞ்சி, கரும்புச்சாறு, ரஸ்க் என்றேன். அண்ணி பக்கத்தில் நின்றதால் முட்டையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

"சோறும் சக்கரையும்தான்மா ஈரல்ல போய்க் கொழுப்பா சேருது. முட்டைய நான்தான் சாப்பிடச் சொன்னேன். நீங்க காமாலைக்கு இருக்கிற பத்தியத்த இருந்திருக்கீங்க" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாவமாகப் பார்த்தாள்.

அவருக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டே போகிறது. இனி ஒரு மாசம் காத்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணிதான். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அக்கா முகத்தைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் அண்ணி என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. எனக்கு ஆறுதல் சொல்ல வருகிறாள் என்று நினைத்து உதறிவிட்டேன்.

ஜூலை 20, சனி

காலையில் அண்ணி அடுப்படியில் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்த பிறகும் எனக்கு உரிக்கிறாள். ஓடு தட்டுகிற சத்தம் கேட்டதுதான் தாமதம், செவலை பின்வாசலில் வந்து உட்கார்ந்து வாலை ஆட்டியது. அண்ணி நாயைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"தெனமுமா?"

நான் தலையை ஆட்டினேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உரித்த முட்டை கையிலேயே இருந்தது.

"எனக்கு பயம்டி ராணி" என்றாள். "பேறுகாலத்துல ஊசிக்கே மயங்கி வுழுந்தவ நானு. நீ தேறிட்டா என்ன வுட்டுடுவாங்கன்னுதான் வூட்டையும் கடையையும் போட்டுட்டு வந்து உனக்கு முட்ட உரிச்சிகினு கெடந்தேன். எந்தம்பிக்குக் குடுக்க எனக்கே மனசு வரலன்னு யாராண்ட சொல்லுவேன்?"

நான் எதைப் பறித்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று நினைத்தேனோ, அதை என் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்த்திருக்கிறாள். கெடுத்தவள் நான். பயந்து நடுங்குகிறவளை ஆபரேஷன் மேசையில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டேன். அய்யோ, என்ன காரியம் செய்துவிட்டேன்.

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் அண்ணி, வற்புறுத்த மாட்டார்கள் என்றேன். வேண்டாம் என்று அவள் சொன்னால் அவர் போய்விடுவார்.

"சொல்லிட்டு எங்கடி போவேன்?" என்றாள்.

அந்த முட்டையை வாங்கி அவள் எதிரிலேயே தின்றேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

விடியலில் ஆபரேஷனுக்கு அழைத்துப் போனார்கள். முதலில் அவளை. தள்ளுவண்டியில் படுத்தபடி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை, நர்ஸ்தான் விரலைப் பிரித்துவிட்டாள். அருள்மொழி சாமி பெயராகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒரு சாமி பெயரும் வாயில் வரவில்லை. அண்ணி, அண்ணி என்றுதான் வந்தது.

ராத்திரி வெளியே வந்து சொன்னார்கள். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அண்ணிக்கு முட்டை கொடுக்கலாம் என்றார்கள். வாடகைக்கு எடுத்த ரூமில் அவித்து எடுத்துப்போய் உரித்து ஊட்டினேன். இரண்டாவது வாயிலேயே, உப்பு போடவில்லையா என்று குறை. பிறகு நைட்டியை விலக்கித் தையலை நானே பார்த்துச் சொல்ல வேண்டுமாம். தள்ளித் தள்ளி இருக்கிறது என்றேன்.

"இன்னாத்த தச்சிருக்கான், எட்ட எட்டப் போட்டு. நானா இருந்தா பொடியா போட்டிருப்பேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. "சிரிக்க வெக்காதடி, புடுங்குது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

டிசம்பர் 9, திங்கள்

அவரைக் காட்டச் சென்னைக்குப் போனோம். கண்ணில் மஞ்சள் இல்லை, வயிறு வடிந்துவிட்டது. அண்ணியையும் பார்த்தார்கள், ஈரல் நன்றாக வளர்ந்திருக்கிறதாம். எனக்கும் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். ஊர் திரும்பியதிலிருந்து சோற்றைப் பாதியாக்கி, சர்க்கரையை விட்டு, காலையில் முட்டையும் சாயங்காலம் நிஜமாகவே நடையுமாக இருக்கிறேன்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கொழுப்பு கிட்டத்தட்டப் போய்விட்டதாம். "அப்பவே இப்படி இருந்திருந்தா உங்களையே எடுத்திருப்போம்" என்று பேச்சுவாக்கில் சொன்னார். அண்ணி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நாயைப் பற்றி அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

வீடு வந்து சேர்ந்து, பசிக்கிறதென்று எல்லோருக்கும் முட்டை அவித்தேன். அவர் கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் கேட்டார்: "அக்கா சாப்புட்டுச்சா?"

முதலில் கேட்டது அவளைத்தான். நானும் காலையிலிருந்து பட்டினிதான். வயிறு எரிந்தது. எரியட்டும்.

சூட்டோடு இரண்டை உரித்து அண்ணி தட்டில் வைத்தேன். மறக்காமல் உப்பும் போட்டேன்.