அரும்புமீசை ஆயா

18.4.2005, திங்கள்

இதனால் நாரணாபுரம் வாழ் பெருமக்கள் அனைவருக்கும் தெரிவித்துக்கொள்வது யாதெனில்: நமது ஊர்ப் பால்வாடிக்குப் புதிய ஆயா பதவியேற்றுவிட்டார். வயது பதினாறு. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர். மீசை அரும்பிக்கொண்டிருக்கிறது. பெயர் பாலகுரு. பொதுமக்கள் வெடி போட்டுக் கொண்டாட வேண்டாம். இந்த ஊரில் வெடி என்பது வேலை, கொண்டாட்டமெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு.

நடந்தது இதுதான். நிஜ ஆயாவான பேச்சியம்மாள் அக்கா குழாயடியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டார். அவருக்குக் கால் போச்சு, எனக்குக் காலம் போச்சு. பால்வாடி டீச்சர் வேறு யாருமில்லை, என்னைப் பெற்ற வேலுத்தாய். திருத்தங்கல் அச்சாபீஸ் மையை எடுத்து எதிர்வீட்டு வெள்ளைச் சேவலை நான் நீலச் சேவலாக்கிய விவகாரம் வேறு வீட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

"சேவலுக்குப் பெயிண்ட் அடிக்கத் தெரியுதுல்ல? வந்து பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடு." தீர்ப்பு முடிந்தது. அப்பீல் கிடையாது.

பால்வாடியில் பாலும் இல்லை. வாடியது நான்தான்.

19.4, செவ்வாய்

காலையில் கம்பெனி வேன் மெயின் ரோட்டில் நின்று ஆரன் அடிக்கும். அதற்குள் பட்டாசு வேலைக்குப் போகிற அம்மாக்கள் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு ஓட வேண்டும். பிள்ளை பார்த்தால் அழும். அதனால் பார்க்காதபோது ஓட வேண்டும். இதுதான் ஆதிகாலத்து முறை. டீச்சர் "அங்கன பாரு, காக்கா!" என்பாள். பிள்ளை திரும்பும். பெற்றவள் மறைவாள்.

இன்று அந்தத் துறையில் புரட்சி செய்தேன். காக்காவுக்குப் பதில் ஏரோப்பிளேன். சத்தமும் சொந்தத் தயாரிப்பு. அம்மாக்கள் வரிசையாகத் தப்பித்தார்கள். "ஏலே, நீ பொறந்ததுல இருந்து உருப்படியாச் செஞ்ச மொத வேலை இதான்" என்றாள் அம்மா.

பெருமையாக இருந்தது. சத்துமாவு உருண்டை இரண்டு சாப்பிட்டேன்.

25.4, திங்கள்

புது வரவு: பானுப்பிரியா, மூன்று வயசு. அவள் அம்மா குருவம்மாள் அக்கா சரவெடி பின்னுகிறவர். இதுவரை பானுவைப் பார்த்துக்கொண்ட சித்தி கல்யாணமாகிச் சாத்தூர் போய்விட்டாள். கைப்பிள்ளையோடு கம்பெனி கேட்டுக்குள் நுழைய முடியாது. அதனால் மூணாங்கிளாஸ் படிக்கிற மூத்தவள் மாரிசெல்வி பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுத் தங்கச்சியைப் பார்த்துக்கொள்கிறாளாம்.

"டீச்சர், முழுப்பரீட்சை லீவு முடியிற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இவ இங்கன இருந்து பழகலன்னா மூத்தவள பள்ளிக்கூடத்த விட்டு நிப்பாட்டிருவேன். எனக்கு வேற வழி சொல்லுங்க பாப்போம்."

மாரிசெல்வி பக்கத்திலேயே நின்றாள். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

நான் ஏரோப்பிளேன் விட்டேன். பானு அண்ணாந்து பார்த்தாள். நல்ல பிள்ளை, வாயைத் திறந்து பார்த்தாள். திரும்பினாள். அம்மா இல்லை.

அவள் அழுத அழுகைக்கு ரெண்டு தெரு தள்ளி நாய் குரைத்தது.

26.4, செவ்வாய்

ஏரோப்பிளேன் எடுபடவில்லை. என் மூஞ்சியைப் பார்த்ததுமே பானு தன் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டாள். குரங்கு, கோமாளி, கரடி எல்லாம் ஆகிப் பார்த்தேன். மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. பானு மட்டும் வாசல்படியில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்தாள். கடைசியில் மாரிசெல்வி வந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள்.

"புதுசுல அப்படித்தான். தன்னால பழகிரும்" என்றாள் அம்மா. அவள் குரலில் சுருதி இல்லை.

29.4, வெள்ளி

ரெண்டு நாளாகப் பானு வரவில்லை.

2.5, திங்கள்

சாயங்காலம் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு குருவம்மாள் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்திருந்தார். கையெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி மினுமினுத்தது. பானு அந்தக் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

அறிவுரை கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா கேள்விதான் கேட்டாள். என்ன சாப்பிடுவா, எப்படித் தூங்குவா, எதுக்குப் பயப்படுவா. பால்வாடியில் சேர்த்து இத்தனை நாளில் இதை நாங்கள் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"முன்னெல்லாம் நல்லாத்தான் இருந்தா டீச்சர். அன்னைக்கு உங்க மகன் பிளேன் காட்டுனதுல இருந்துதான்... தண்ணி எடுக்கப் போனாக்கூட பின்னாலயே வாரா. நா குளிச்சா கதவுக்கு வெளிய உக்காந்திருக்கா. வேன் ஆரன் கேட்டா காதப் பொத்துறா."

நான் தரையைப் பார்த்தேன். தரையிலும் யாரும் எனக்கு உதவிக்கு வரவில்லை.

அம்மா மெதுவாகச் சொன்னாள்: "தப்பு உங்க மேல இல்ல குருவு. நாங்கதான் உங்கள ஓடச் சொல்லிக் குடுத்தோம். இனிமே சொல்லிட்டே போங்க. அழுதா அழட்டும், நாங்க தூக்கிக்கிறோம்."

"சொல்லிட்டுப் போனா விடமாட்டாளே?"

பத்து வருசமாகக் காக்கா காட்டியவள் பாவம், என்ன சொல்லுவாள்?

ராத்திரிச் சோறு இறங்கவில்லை. நான் என்னலே செஞ்சேன்? சிரிக்க வைக்கத்தானே பாத்தேன்! வானத்துல இல்லாத பிளேனக் காட்டி, ஒரு பிள்ளைக்கு அவ அம்மாவையே சந்தேகப்பட வச்சுட்டேனே. அந்த மாரிசெல்வி ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல.

4.5, புதன்

புது முறை. ஏரோப்பிளேனுக்குத் தடை, காக்காவுக்கும் தடை. குருவம்மாள் அக்கா பானுவின் முகத்தைப் பிடித்து, "அம்மா போறேன், சாயங்காலம் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பானு கத்தினாள். என் அம்மா அவளை மடியில் வைத்துக்கொண்டாள். "ஆமா, அம்மா போயிட்டாக. கஷ்டமாத்தான் இருக்கு" என்றாள். "அழாத" என்று சொல்லவே இல்லை!

அழுகை நின்றது. ஆனால் வாசல்படியை விட்டு நகரவில்லை. சோறும் அங்கேயே.

9.5, திங்கள்

வாசல்படி.

10.5, செவ்வாய்

வாசல்படி. இனி அந்தப் படிக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிடலாம்.

12.5, வியாழன்

வரலாறு இந்த நாளைக் குறித்துக்கொள்க! மாபெரும் கண்டுபிடிப்பு. கண்டுபிடித்தவர்: பாலகுரு.

மத்தியானம் எல்லாப் பிள்ளைகளும் தூங்க, பானு மட்டும் படியில் முழித்திருந்தாள். நான் சிந்தித்தேன். ஆழமாகச் சிந்தித்தேன். எழுந்து கதவுக்குப் பின்னால் போனேன். "பாலகுரு போயிட்டான்!" தலையை நீட்டினேன். "வந்துட்டான்!" மறுபடி போனேன், மறுபடி வந்தேன். பானு சிரித்தாள்! எங்கள் பால்வாடியில் அவள் சிரித்த முதல் சிரிப்பு. பிறகு அவள் போனாள், வந்தாள். பிறகு நான். அம்மா தட்டுக் கழுவுவதை விட்டுவிட்டு ஈரக் கையோடு நின்று பார்த்தாள்.

விஷயம் என்னவென்றால், போவது அவளுக்குப் பயமில்லை. போனது திரும்பி வருமா என்பதுதான் பயம். வரும் என்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு நான் வைத்த பெயர்: போய்-வா கம்பெனி. முதலாளி நானே.

13.5, வெள்ளி

காலையில் குருவம்மாள் அக்காவுக்கு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். "போறேன்" என்று வேப்பமரம் வரை போய், "வந்துட்டேன்" என்று திரும்பினார். பானு கை தட்டினாள். மறுபடி மரம் தாண்டி, மூலை வரை. அப்போது பார்த்து வேன் ஆரன். அக்கா முகம் செத்தது. பானு காதைப் பொத்தினாள்.

எதிரி யார் என்று தெரிந்துவிட்டது.

14.5, சனி

வேன் டிரைவர் சங்கிலிமுத்து அண்ணாச்சியிடம் பேச்சுவார்த்தை.

"அண்ணாச்சி, வேன மெயின் ரோட்டுல நிப்பாட்டாம பால்வாடி வாசல்ல நிப்பாட்டுங்க."

"ஏண்டா, நா என்ன பள்ளிக்கூட வேனா ஓட்டுறேன்? லேட்டானா போர்மேன் என்னையவா கொஞ்சுவாரு?"

"இப்ப மட்டும் நேரத்துக்கா போறீக? பொம்பளையாளுக பிள்ளைக்குத் தெரியாம கொல்லப்பக்கமாச் சுத்தி ஓடி வாராக. நீங்க ஆரன் அடிச்சே கை தேஞ்சு போச்சு. வாசலுக்கு வந்தா நேரா ஏறிருவாக."

யோசித்தார். பீடியைக் காதில் செருகினார்.

"ஒரு நா பாப்பேன். லேட்டாச்சு, உன்ன வேன் மேல கட்டி கம்பெனிக்கே கொண்டுபோயிருவேன்."

"அங்கயும் ஆயா வேலை இருந்தாச் சரி அண்ணாச்சி."

16.5, திங்கள்

வெற்றி! வெற்றி! வெற்றி!

வேன் வாசலுக்கே வந்தது. டிரைவரின் ஆரனையும் விளையாட்டில் சேர்த்துவிட்டேன். அவர் "பாம் பாம்" அடித்தால் பிள்ளைகள் எல்லாரும் "பாம் பாம்!" என்று திருப்பிக் கத்த வேண்டும். கத்தின பாருங்கள், தெருவே அதிர்ந்தது. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். மறுபடி அடித்தார். மறுபடி கத்தின. லேட்டாக்கினால் கட்டிப்போடுவேன் என்ற ஆள், தானே நின்று அடித்துக்கொண்டிருக்கிறார்!

பானு என் தோளில். காதைப் பொத்தவில்லை. குருவம்மாள் அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "போயிட்டு வாரேன் பானு" என்றார். பானு உதட்டைப் பிதுக்கினாள். பிதுக்கிய உதடு அப்படியே "பாம்" என்றது.

அழவில்லை!

17.5, செவ்வாய்

இன்று எல்லா அம்மாக்களும் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ரெண்டு பிள்ளை அழுதது. கொஞ்ச நேரம்தான். பானு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து சாப்பிட்டாள். படி காலி. நான் போய் அதில் உட்கார்ந்து பார்த்தேன். நல்ல காற்று.

24.5, செவ்வாய்

விருதுநகரிலிருந்து பால்வாடி சூப்பர்வைசர் மேடம் திடீர் விஜயம். ஆயாவுக்குப் பதில் நான் என்பது ஆபீசுக்குத் தெரியாது. அம்மா என்னை அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளினாள். பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்து, "பாலகுரு போயிட்டான்! வந்துட்டான்!" என்று கத்திக் காட்டிக்கொடுத்துவிட்டன. வெளியே வந்தேன். என்ன செய்ய?

போய்-வா விளையாட்டையும் வேன் கதையையும் மேடம் நின்று கேட்டார். "இத யாரு யோசிச்சது?" அம்மா என்னைக் காட்டினாள். நான் நெஞ்சை நிமிர்த்தி, குழந்தை மனசைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். மற்ற ஊர் டீச்சர்களிடமும் இதைச் சொல்லப்போவதாகச் சொன்னார். பெயரைக்கூடக் குறித்துக்கொண்டார்!

சாயங்காலம் தெருவில் ஒருவரையும் விடாமல் சொன்னேன். சேவல் வீட்டுக்காரரிடமும்.

27.5, வெள்ளி

ரிசல்ட். பாஸ். மார்க் பற்றி இந்த நோட்டு மௌனம் காக்கும்.

1.6, புதன்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மாரிசெல்வி எண்ணெய் வழிய ரெட்டைச் சடை போட்டு, பையை மாட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். நாலாங்கிளாஸ். "பானு, அக்கா போயிட்டு வாரேன்." பானு சத்துமாவு உருண்டையிலிருந்து வாயை எடுக்காமலே கையை ஆட்டினாள். மாரிசெல்விக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம், தங்கச்சி ஒரு சொட்டாவது அழுவாள் என்று எதிர்பார்த்திருப்பாள். ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் ஓட்டம்.

வேன் கிளம்பும்போது குருவம்மாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிப் பொடி என் கையிலும் ஒட்டியது. "தம்பி, எம்பிள்ள படிப்பு உன்னாலதான்." வேன் போய்விட்டது. பொடியைத் துடைக்காமலே வந்து இந்த நோட்டை எடுத்தேன்.

சரி. இந்த நோட்டைப் படிப்பவன் நான் ஒருவன்தான். அவனிடமாவது உண்மையைச் சொல்லித் தொலைக்கிறேன்.

மே பன்னிரண்டாம் தேதி நான் சிந்திக்கவில்லை. ஆழமாகவும் சிந்திக்கவில்லை. என் சரக்கெல்லாம் தீர்ந்துபோய், படியில் பானு பக்கத்தில் தாடையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். பாதித் தூக்கம். அவளாகத்தான் எழுந்து கதவுக்குப் பின்னால் போனாள். "பானு போயித்தா." எட்டிப் பார்த்தாள். "வந்துத்தா." நான் கொட்டாவி விட்டேன். என் பக்கத்தில் வந்து, தாடையைப் பிடித்துக் கதவுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு மறுபடி போனாள். எனக்கு விளங்கும்வரை சலிக்காமல் போய்ப் போய் வந்தாள். அப்புறம்தான் நான் எழுந்தேன். அம்மா பார்த்தது அதற்கு மேல் நடந்ததை மட்டும்.

விருதுநகர் வரை என் பெயர் போய்விட்டது. நாளைக்கு அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன். நல்லவன் என்பதால் அல்ல. பானு இப்போது கோர்வையாகப் பேச ஆரம்பித்துவிட்டாள்.