தோளில் இருந்த புள்ள

வெயிலில் கண்ணைச் சுருக்கியே சிரிக்கும் என் அப்பாவுக்கு,

ஒரு வாரமாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் வாசல்வரை போய்த் திரும்புகிறேன். காரணம் உங்கள் மகன் ஏழுமலை.

போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி யாழினி சென்னையிலிருந்து வந்திருந்தாள். உங்கள் திவசத்தன்று குடும்பம் கூடும்போது போட்டுக் காட்ட ஒரு வீடியோ வேண்டுமாம். போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "உன் அப்பாவைப் பத்தி ஏதாவது சொல்லு ஆயா" என்றாள். நிமிர்ந்து உட்கார்ந்து, எனக்குப் பிடித்ததைச் சொன்னேன். உப்பளத்தில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. வரப்பு தெரியாத தண்ணீர். நீங்கள் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு, காலால் துழாவித் துழாவிக் கரைக்கு வந்தீர்கள். என் கணவர் இருந்தவரை அவரிடம் எத்தனையோ முறை சொன்ன கதை. அவர் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த ஏழுமலை மறுத்தான்.

"இரு இரு, அக்கா. அப்பா தூக்கினு வந்தது என்னை. நீ அப்ப பாண்டி ஹாஸ்டல்ல இருந்த."

"மூக்கு ஒழுகினு இருந்த பய நீ. உனக்கு என்னடா தெரியும்?"

"அந்த மூக்கை அப்பா தலையிலதான் தொடச்சேன். போதுமா?"

யாழினி போன் குலுங்கச் சிரித்தாள். "அப்ப இதை அழிச்சிடவா ஆயா?"

"அழிக்காதே" என்றேன். தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்வது எனக்குப் பழக்கமில்லை. அவன் வாயை அடைக்க, நேற்றுப் பார்த்ததுபோல விவரமாகச் சொல்லத் தொடங்கினேன். உப்புக் குவியல்களுக்கெல்லாம் ஓலை வேய்ந்திருந்தது, ஓலைமேல் மழை படபடவென்று... அங்கேயே நின்றுவிட்டேன்.

ஓலை வேய்வது மழைக்காலத்துக்காக அல்லவா? எனக்கு ஊர் என்றாலே கோடை விடுமுறைதான். குவியல்கள் வெள்ளை வெளேரென்று திறந்து கிடக்கும். மழை மாதங்களில், பாதை முழுகிக் கிடக்கிறது என்று நீங்கள் என்னைக் கூட்டி வரவே மாட்டீர்கள். ஓலை போட்ட அளத்தை அந்த வயதில் நான் பார்த்ததே இல்லை, அப்பா.

பார்த்தது ஹாஸ்டலின் பார்வையாளர் அறையில். ஞாயிறுதோறும் நீங்கள் வந்து, பெஞ்சின் நுனியில் மட்டும் உட்கார்ந்து, சிஸ்டர் மணி அடிக்கும்வரை ஊர்ச் சேதி சொல்வீர்கள். வீட்டுக்குப் போகணும் என்று நான் அழுதுகொண்டே கேட்பேன். ஒருமுறை எழுந்து, முதுகை வளைத்து, அந்த வழுவழுத்த தரையில் காலால் துழாவி நடந்தே காட்டினீர்கள். "ஓலைமேல மழை படபடன்னு அடிச்சுது. புள்ளைய தோள்ல போட்டுனு இப்படியே வந்தேன்." என் அழுகை நின்றுவிட்டது.

புள்ள. எங்கள் இருவரையுமே நீங்கள் அப்படித்தான் கூப்பிட்டீர்கள். தம்பியின் பெயரை ஏன் சொல்லவில்லை? சொல்ல மறந்தீர்களா? இல்லை, எதிரே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்காக விட்டுவிட்டீர்களா? என்னை ஒருமுறையாவது தோளில் தூக்கியிருக்கிறீர்களா? இதை இனி யாரிடம் கேட்பது?

நேற்று ஆட்டோ பிடித்து அளம்வரை போனேன். இப்போது ஓலை இல்லை, தார்ப்பாய்தான். ஈ.சி.ஆரில் பாண்டி பஸ்கள் பறக்கின்றன. வரப்பில் கொஞ்ச நேரம் நின்றேன். காற்று புடவையைப் பிடித்து இழுத்தது.

திவசத்துக்கு யாழினி மறுபடி வருவாள். முன்பு சொன்னதை அழித்துவிட்டுப் புதிதாக எடுக்கச் சொல்வேன். தோளில் இருந்தவன் ஏழுமலை என்று அவன் எதிரிலேயே சொல்வேன், இளித்தால் இளிக்கட்டும். அப்புறம் எழுந்து, முட்டி எவ்வளவு வலித்தாலும், நீங்கள் எனக்குக் காட்டியதுபோலவே நடந்து காட்டுவேன். அந்த நடையை அவன் பார்த்ததில்லை. தோளில் அல்லவா இருந்தான்?

உங்கள் மூத்த புள்ள,
கஸ்தூரி